பரிசில் மறுத்தலும் மறுக்கும் முறையும்

பணி வேண்டி விண்ணப்பித்தாரை நிறுவனத்தார் எம்முறையில் மறுக்கின்றனர் என்பது இக்காலத்துப் பலரும் பேசும் பொருளாக உள்ளது. வருந்துகின்றோம் என்னும் ஒரு வரியோடு கடிதம் விடுப்பாரும் உளர். யாதொரு மறுமொழியும் விடாது காலத்தையே விடையாக்குவாரும் உளர். இவ்விருவகை மறுப்பும் இக்காலத்தே புதுவதாகத் தோன்றியன என எண்ணுதல் பொருந்தாது. வேண்டுவோனும் வழங்குவோனும் எதிர்நின்ற காலந்தொட்டு மறுத்தலும் உண்டு. மறுக்கும் முறை பற்றிய வழக்கும் உண்டு. தமிழகத்தில் அவ்வழக்கின் பழமையான சான்று புறநானூறாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். சங்ககாலப் பரிசிலர் திங்கள் ஊதியம் பெறும் பணியாளர் அல்லர்; புரவலர் அவர்க்கு வேலை தந்த முதலாளியரும் அல்லர். ஆயினும், தம் புலமையை ஒருவன்முன் வைத்து, அதற்குரிய மதிப்பினை எதிர்நோக்கி, ஏற்றலும் மறுத்தலும் அவன் கையது ஆக நின்ற நிலை இருவர்க்கும் பொதுவாம். இவ்வளவில் ஒப்புமை கொள்ளுதல் தவறன்று.

புறநானூற்றில் பரிசில் பெறாது மீண்டோர் பாடல்கள் ஆங்காங்குச் சிதறிக் கிடப்பினும், 196 முதல் 211 வரையுள்ள பகுதியில் அவை செறிந்து நிற்றல் நோக்கத்தக்கது. தொகுத்தோர் இவற்றை ஓரினமாகக் கருதினர் என்பது இதனாற் பெறப்படும். பாடாண் திணையில் பரிசில் கடாநிலை, பரிசில் துறை முதலிய துறைகள் அமைந்தமையும், வேண்டுதலும் விடைபெறுதலும் வரையறைப்பட்ட வழக்குகளாக இருந்தன என்பதைக் காட்டும். இன்ன புலவர் இன்ன மன்னனை இன்ன சூழலிற் பாடினார் என்னும் செய்தி, பாடல்களின் அடியில் உள்ள பழங்குறிப்புகளால் அறியப்படுவது. அக்குறிப்புகள் பாடல்களுக்குப் பிற்பட்டன ஆதலின், பாடலின் அகச்சான்றோடு பொருந்துமிடத்தே அவற்றைக் கொள்ளுதல் முறை.

இப்பாடல்களால் அறியப்படும் மறுப்பு நால்வகைப்படும்.

ஒன்று, நீட்டித்தல். இல்லை என்னாது, இன்று நாளை என நாள் கழித்தல் இது. பெருங்குன்றூர் கிழார் சேரமான் குடக்கோச் சேரல் இரும்பொறையைப் பாடிய 211ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. முதல்நாள் பரிசில் கையில் வந்துவிட்டது போலக் காட்டி, மறுநாள் அதனைப் பொய்யாக்கினான் என்பதே புலவர் கூறும் குற்றம். கொடாமையினும் கொடுப்பதாகக் காட்டியமையே அவரை வருத்தியது. பெருங்குன்றூர் கிழார் பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்தினையும் பாடியவர். அப்பத்திற்குரிய இளஞ்சேரல் இரும்பொறை அவர்க்கு 32,000 காணம் வழங்கினான் என்று அதன் பதிகம் கூறும். இவ்விரு சேரரும் ஒருவரே எனக் கொள்வார் உளர். அது பொருந்துமாயின், ஒரு வாயிலில் நின்று வெறுங்கையோடு மீண்டவரே அதே வாயிலில் பெருஞ்செல்வம் பெற்றவரும் ஆவர்.

அதியமான் நெடுமான் அஞ்சி நீட்டித்தபோது ஔவையார் பாடியது 206ஆம் பாட்டு. அவர் மன்னனை நோக்கிப் பேசவில்லை. வாயில் காப்போனை நோக்கிப் பேசுகின்றார். அஞ்சி தன்னை அறியானோ, அன்றி என்னை அறியானோ என்று வினவி, அறிவும் புகழும் உடையார் உலகில் இன்னும் மாய்ந்திலர் என்கின்றார். மரங்கொல் தச்சன் மக்கள் மழுவொடு காடு புக்கால் அவர்க்கு ஆண்டு வேலை கிடைத்தல் போல, எத்திசை செல்லினும் தமக்குச் சோறு உண்டு என்பது அவர் துணிபு. இவரே 101ஆம் பாட்டில், அதியமான் பரிசில் நீட்டிப்பினும் நீட்டியாது ஒழியினும், யானை தன் கோட்டிடை வைத்த கவளம் போலக் கையகத்தது எனப் பாடியுள்ளார். முன்னைய நம்பிக்கையும் பின்னைய சினமும், அன்றி முன்னைய சினமும் பின்னைய நம்பிக்கையும், எது முற்பட்டது என வரையறுத்தற்குச் சான்றில்லை. நீட்டித்தல் நட்புடையாரிடையும் ஐயத்தை விளைக்கும் என்பது மட்டும் தெளிவாம்.

இரண்டு, காணாது விடுத்தல். பெருஞ்சித்திரனார் மலை பல கடந்து அதியமானிடம் சென்றார். அவன் அவரைக் காணாது, இதனைக் கொண்டு செல்க எனப் பொருளை மட்டும் விடுத்தான். அதனை ஏலாது பாடியது 208ஆம் பாட்டு. என்னை எவ்வாறு அறிந்தான், காணாது தந்த பொருளைக் கொள்ளும் வணிகன் அல்லன் யான், தினையளவே ஆயினும் என் தகுதியின் அளவறிந்து தருவதே இனிது என்பது அதன் கருத்து. ஈண்டுப் பொருள் மறுக்கப்படவில்லை. புலமையை அளந்தறியும் பார்வை மறுக்கப்பட்டது. விண்ணப்பத்தைப் படியாதே விடை எழுதுதற்கு இதனினும் நெருங்கிய பழைய எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

மூன்று, சிறிது ஈதல். வெளிமான் தன் தம்பி இளவெளிமானைப் பரிசில் தருக எனப் பணிக்க, அவன் சிறிதே தந்தான் என்று பழங்குறிப்பு கூறும். அதனைக் கொள்ளாத பெருஞ்சித்திரனார் குமணன்பாற் சென்று யானை பெற்று, அதனை இளவெளிமான் ஊர்க் காவல்மரத்திற் பிணித்து, ஈவோரும் உலகில் உளர் என்பதைக் காண்க எனக் கூறிச் சென்றார் (புறம். 162).

நான்கு, கதவடைத்தல். இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒருங்கிருந்தபோது, பெருந்தலைச் சாத்தனார் முன்னவனைத் தழுவிப் பின்னவனைத் தழுவாது விட்டார். காரணம் வினவியதற்கு, பின்னவன் நன்னன் வழியினன் என்பதையும், பாடுவோர்க்குக் கதவடைத்தமையால் அவன் மலையைத் தம் இனத்தார் பாடாது நீக்கினர் என்பதையும் கூறினார் (புறம். 151). மறுக்கப்பட்டவர் தனியொருவராக நில்லாது, ஓரினமாக நின்று மறுத்தவனை மறுத்தனர் என்பது இதனாற் போதரும்.

இந்நால்வகைக்கும் அளவுகோலாக அமைந்தது ஆவூர் மூலங்கிழாரின் 196ஆம் பாட்டு. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நோக்கிப் பாடியது இது. இயல்வதனைத் தருவேன் என்றலும், இயலாததனை இல்லை என மறுத்தலும் ஆகிய இரண்டும் நட்பின்பாற் படும் என்கின்றார் புலவர். இயலாததனை இயலும் என்றலும், இயல்வதனை இல்லை என்றலும் வேண்டுவோரை வாட்டுவன; வழங்குவோர் புகழையும் குறைப்பன. மெய்யான மறுப்பினை ஈகையோடு ஒரு தட்டில் வைத்த இக்கருத்து பெரிதும் எண்ணத்தக்கது. மறுத்தல் தன்னளவிற் குற்றமன்று; பொய்யும் காலங்கடத்தலுமே குற்றம். அவ்வாறு வகுத்துரைத்த புலவர், மன்னன் மக்கள் நோயின்றி வாழ்க என வாழ்த்தி, காற்றை மட்டும் தடுக்கும் தம் வறிய இல்லில் உள்ள மனைவியை நினைந்து, வெயிலென்றும் பனியென்றும் பாராது நடக்கலாயினார்.

இதனோடு கழைதின் யானையார் வல்வில் ஓரியைப் பாடிய 204ஆம் பாட்டையும் ஒப்புநோக்குக. ஈக என இரத்தலை இழிவு என்றவர், ஈயேன் என்றலை அதனினும் இழிவு என்றார். மூலங்கிழார் மெய்யான மறுப்பிற்கு இடந்தந்தார். இவர் எம்மறுப்பிற்கும் இடந்தரவில்லை. இம்முரண் வெளித்தோற்றமே என்பது எம் கருத்து. ஓரி போன்ற வள்ளலுக்கு இயலாதது இல்லை ஆதலின், அவன் மறுப்பின் அது மூலங்கிழார் கடிந்த இரண்டாம் வகையுள் அடங்கும். பரிசில் பெறாதார் புறப்பட்ட பொழுதையும் புள்நிமித்தத்தையும் பழிப்பரே அன்றி வள்ளலைப் பழியார் எனவும் அவர் கூறுவர்.

இனி, இம்மறுப்புகள் நம்காறும் எஞ்சியது எவ்வாறு என்பது வினா. மறுத்தோர் எழுதிவைத்தவை அல்ல இவை, மறுக்கப்பட்டோர் பாடியவை. பாடுதல் அவர் தொழில். புகழ் புரவலன் வேண்டிய பொருள். ஆகவே மறுப்பிற்கு ஒரு விலை இருந்தது. கதவடைத்த விச்சிக்கோவின் குடியும், காவல்மரத்து யானையும் இன்றுவரை நினைக்கப்படுதல் அவ்விலையேயாம். ஆயின், பாடல் தொகையுட் சேராத பரிசிலரும், பாடவல்லர் அல்லாத இரவலரும் எத்துணையர் மீண்டனர் என்பதனை இந்நூல் காட்டாது. நாம் காண்பது வாயுடையோர் வரலாறு மட்டுமே.

இன்றைய விண்ணப்பதாரர் பெரும்பாலும் அவ்வாயிலாதார் நிலையினரே. அவரை மறுத்தோர்க்கு இழப்பு யாதும் இல்லை. மறுக்கப்பட்டோர் ஒன்றுகூடி ஒரு மலையைப் பாடாது நீக்குதலும் இல்லை. விலையற்ற மறுப்பு எளிதில் மௌனமாகத் தேய்கின்றது. நம் துறைகளிற் பயிலும் முதுகலை மாணவர் நாளை வாயில்தோறும் நிற்கப்போகின்றவர். ஆசிரியருட் சிலர் தேர்வுக்குழுக்களில் அமர்ந்து வாயிலின் உட்புறம் இருப்பவர். அவ்விருக்கையில் அமர்வோர்க்கு மூலங்கிழார் வகுத்த அளவு இன்றும் பொருந்தும். படித்துப் பார்த்து, இயலாததனை இயலாது என்று காலத்தே உரைத்தல் கொடையன்று. ஆயினும் அது நட்பின்பாற் பட்டது. அதற்குப் பொன் வேண்டா, யானையும் வேண்டா.