கடற்றொழிலில் கணக்கில் வராத கரை

ஆண் கடலுக்குப் போவான், பெண் கரையில் காத்திருப்பாள். நெய்தல் நில வாழ்வு குறித்து நம்மில் பலர் மனதிற் பதிந்துள்ள சித்திரம் இதுவே. ஆனால் சங்கப் பாடல்களின் நெய்தல் மகளிர் வெறுமனே காத்திருந்தவர்கள் அல்லர். அவர்கள் மீனை உலர்த்தினர். உலரும் மீனைப் பறவைகளிடமிருந்து காத்தனர். மீனையும் உப்பையும் நெல்லுக்கு மாற்றினர். கடலில் கிடைத்தது உணவாகவும் பொருளாகவும் மாறியது கரையில்தான்.

கன்னியாகுமரிக் கரையின் முக்குவர் சமூகத்தை ஆராய்ந்து மானிடவியலாளர் கல்பனா ராம் எழுதிய நூல் 1991இல் வெளிவந்தது. கடல் அங்கு பெண்களுக்கு விலக்கப்பட்ட இடம். எனினும் வீட்டின் வரவு செலவும் கடன் கொடுக்கல் வாங்கலும் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்தன. ஆணின் உழைப்பைப் பணமாக்கி, கடலடிக்கும் காலத்தில் குடும்பத்தைத் தாங்கியவள் பெண்ணே.

இந்தப் பங்கீட்டைக் குலைத்தது நவீனமயமாக்கல். நைலோன் நூலும் வலை பின்னும் இயந்திரமும் வந்தபோது, வீட்டிலிருந்து நூல் வலை பின்னிய பெண்களின் வருமானம் நின்றது. 1952இல் கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி கேரளத்தின் நீண்டகரையில் நோர்வேத் திட்டம் தொடங்கியது. இயந்திரப் படகு, ஐஸ், இறால் ஏற்றுமதி என்பன பரவப் பரவ, மீன் இறங்கும் இடம் ஊர்க்கரையிலிருந்து துறைமுகத்துக்கு மாறியது. கூடைக்காரி அங்கே பெருமுதலாளியுடன் ஏலத்தில் போட்டியிட வேண்டியவளானாள். நமது காரைநகரிலும் நோர்வே உதவியுடன் சீநோர் படகுத் தளம் எழுந்தது. முன்னேற்றம் என்பது பெரும்பாலும் படகாகவே எண்ணப்பட்ட காலம் அது.

அந்த எண்ணம் இன்னும் மாறவில்லை. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் படகுப் பதிவையும் மீன்பிடி அனுமதிப்பத்திரத்தையும் வேண்டுகிறது. கருவாடு போடுபவளுக்கு அப்படியொரு பத்திரம் கிடையாது. இதன் விளைவு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வெளிப்பட்டது. இழந்த படகுகளை எண்ண முடிந்தது. சில இடங்களில் முன்பிருந்ததைவிட அதிகமான சிறுபடகுகள் வந்து சேர்ந்தன. பெண்கள் இழந்த உப்புத் தொட்டி, கூடை, கைமுதல் ஆகியவற்றுக்குச் சான்று காட்ட வழியிருக்கவில்லை.

போரில் கணவரை இழந்து குடும்பத் தலைமையை ஏற்ற பெண்கள் வடக்குக் கிழக்குக் கரையெங்கும் உள்ளனர். படகில்லாத அவர்களைக் கடற்றொழிலாளர் என்று எந்தப் பதிவேடு சொல்லும்? இழப்பீட்டுப் படிவத்தில் படகுக்கும் வலைக்கும் இடமிருப்பதுபோல், கருவாட்டுப் பந்தலுக்கும் மீன்கூடைக்கும் இடம் வேண்டும். அதற்கு இன்னொரு பேரலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.