பென்சிலால் போட்ட கணக்கு

நான் அரசு மருத்துவமனை ஆண்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்தது 1990இல். குடியால் கல்லீரல் அழற்சி கண்டவர்கள் பெரும்பாலும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, வாரங்களைத் தொலைத்துவிட்டே வருவார்கள். கண்ணில் மஞ்சள், காய்ச்சல், உப்பிய வயிறு. ரத்தத்தில் கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி.யின் அளவு எஸ்.ஜி.பி.டி.யைப்போல இருமடங்குக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

பிழைப்பாரா? கேஸ் ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போடுவேன். 1978இல் பால்டிமோரில் வில்லிஸ் மேட்ரே குழுவினர் தந்த சூத்திரம், பின்னர் திருத்தப்பட்டது. ரத்தம் உறைய ஆகும் கூடுதல் நொடிகளை 4.6ஆல் பெருக்கி, ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமியான பிலிருபினின் அளவைக் கூட்ட வேண்டும். எட்டு நொடி, பிலிருபின் 12 என்றால் 48.8. எல்லை 32. அதைத் தாண்டினால், நோய்த்தொற்று இல்லையென உறுதிசெய்து, ஸ்டீராய்டு. 1989இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஸ்டீராய்டு பெறாதவர்களில் 35 சதவீதத்தினர் 28 நாளில் இறந்தனர். பெற்றவர்களில் 6 சதவீதத்தினர். அந்த எண்ணை நம்பித்தான் பல இரவுகள் விழித்திருந்தேன்.

2015இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையைக் குறைத்தது. பலன் சிறிது, தொற்று அதிகம். அதற்குமுன், 2007இலேயே பிரான்சின் லில் நகர மருத்துவர்கள் ஸ்டீராய்டு தொடங்கிய ஏழாம் நாள் பிலிருபினை வைத்து, பலிக்காத மருந்தை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.

ஆறு மாதம் குடிக்காமலிருந்தால்தான் மாற்றுக் கல்லீரல் என்ற பழைய விதி எனக்கு என்றுமே கொடுமையாகப் பட்டது. மருந்து பலிக்காதவர்களில் பலருக்கு ஆறு மாதம் ஏது? 2011இல் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள், அப்படிப்பட்ட 26 பேருக்குக் காத்திருக்காமலே கல்லீரல் பொருத்தினார்கள். ஆறு மாதம் கழித்து 77 சதவீதத்தினர் உயிரோடிருந்தார்கள்.