நெருப்புக்கு எட்டாத ஏடு

கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் ஏட்டுச் சுவடிகள் மிகுதியாக உண்டெனக் கேள்வியுற்று, ஆவலோடு அங்குச் சென்றார் உ. வே. சாமிநாதையர். கிடைத்த விடை என்ன? பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாதாம். நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடவேண்டுமாம். ஆகமம் அவ்வாறு விதிக்கிறதாம்! இட்டுவிட்டனர். தமிழ் வெந்தது. பகைவன் மூட்டிய தீயன்று அது, பக்தி மூட்டிய தீ. நாம் புனைந்துரைக்கவில்லை, அந்தப் பெரியவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

அவரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் ஏடு தேடி அலைந்தனர். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறிற்று. அதே ஆண்டில் கலித்தொகையும். ஓரிடத்துப் படி எரியினும் மற்றோரிடத்துப் படி எஞ்சும் என்னும் நிலையை அச்சு உண்டாக்கியது.

எல்லா நூலுக்கும் அந்தக் காப்பு வாய்த்ததா? 1981 மே முடிந்து ஜூன் பிறந்த வேளையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பர். மறுபடி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. கட்டடத்தைப் பின்னர் எழுப்பினர். சுவடியை எப்படி எழுப்புவது?

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. கடல் கடந்து வாழும் தமிழரும் தாயகத் தமிழரும் கூலி கருதாது கூடினர். ஒருவர் தட்டெழுதுவார், மற்றொருவர் பிழை திருத்துவார்; ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராமலே சங்க நூல்களை இணையத்தில் ஏற்றினர். 2005இல் ஈழத்து எழுத்துகளைக் காக்க ‘நூலகம்’ எழுந்தது. எரித்தவன் எண்ணிப் பார்த்திருப்பானா, ஒரு நூல் ஒரே நேரத்தில் உலகின் நூறு ஊர்களில் இருக்கக்கூடும் என்று?

திண்ணைப் பள்ளியின் திண்ணையிலும் ஏறவிடாது நம்மவரைத் தடுத்த நாடு இது. இந்த நூலகத்தின் வாயிலில் குலம் கேட்பாரில்லை, கட்டணமும் இல்லை. குப்பத்துச் சிறுவன் கைப்பேசியில் புறநானூற்றைத் திறக்கலாம். திறக்கிறானா என்பது வேறு கேள்வி; திரைப்படப் பாட்டுக்கு அந்தக் கருவி நாள்தோறும் திறப்பதை நாம் அறிவோம்!

நூலின் பக்கங்களைப் படமாக மட்டும் பதித்து வைத்தால், வேண்டிய சொல்லைத் தேடிப் பிடிப்பது கடினம். எழுத்தெழுத்தாகத் தட்டிய நூலிலோ, ‘யாதும்’ என்று கேட்டால் அச்சொல் வரும் இடமெல்லாம் நொடியில் வந்து நிற்கும். மாணவர்க்கு இது பெருந்துணை. ஆயினும் தட்டெழுதுவோர் கை தவறினால் பாடமும் தவறும். ஆதலால் இரண்டும் வேண்டும். ஐயம் எழுந்தால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இணையத்தில் ஏற்றுவதற்கேனும் தாள் எஞ்ச வேண்டுமே! செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர், நூல், இதழ், பாட்டுப் புத்தகம், நாடகத் துண்டறிக்கை எனப் பிறர் எறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் அச்செல்வத்தை விலை கொடுத்து வாங்கியது யார்? தமிழ்ச் சங்கமா, தருமபுரமா, திருப்பனந்தாளா? அமெரிக்காவிலுள்ள சிகாகோ பல்கலைக்கழகம்! அதன் துணையால் 1994இல் சென்னையில் எழுந்தது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.