பெயர் சொல்லக் கூடாத வழங்கிகள்

மென்பொருள் வரலாற்றில் வேகப் பந்தயங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஓடிய குதிரைகளின் பெயரைச் சொல்லவே தடை இருந்த பந்தயம் எது என்று தேடினால், ஜாவா செயலி வழங்கிகளின் கதைக்குத்தான் நாம் வந்து சேர்வோம்.

துறைக்குப் புறம்பான வாசகர்கள் கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளலாம். வலைத்தளத்துக்கு வருகிறவர் பந்தியில் அமர்கிறார். அவர் கேட்டதற்கு வேண்டியதைத் தரவுத்தளம் என்னும் உக்கிராண அறையிலிருந்து எடுத்து, சமைத்து, இலைக்கு அனுப்புவது வழங்கியின் வேலை. ஒரு பந்திக்கு எத்தனை இலை என்பது அதன் செயல்திறன். அடுப்பு மூட்ட எவ்வளவு நேரம், ஒரு கறியில் உப்பைத் திருத்த எல்லா அடுப்பையும் அணைத்து மீண்டும் மூட்ட வேண்டுமா என்பதெல்லாம் பயன்பாட்டு எளிமை.

1998இல் பி.இ.ஏ. நிறுவனம் வெப்லாஜிக்கை வாங்கியது. ஐ.பி.எம். அதே ஆண்டு வெப்ஸ்பியரைக் கொண்டுவந்தது. 1999 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜே2இஇ 1.2 என்ற பொது விதித்தொகுப்பை வெளியிட்டது. விதி ஒன்று, வழங்கி பல. எழுதிய நிரலை எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது வாக்குறுதி. அப்படியானால் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டியதுதானே? அங்கேதான் முள். சோதனை முடிவுகளை எங்கள் அனுமதியின்றி வெளியிடலாகாது என்ற தடை பெரிய வணிக மென்பொருள்களின் உரிமப் பத்திரங்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1983இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டேவிட் டிவிட்டும் உடன் ஆய்வாளர்களும் தரவுத்தளங்களை அளந்து முடிவுகளை அச்சிட்டார்கள். ஆரக்கிளுக்கு அவை உவப்பாக இல்லை. அதன்பின் அந்நிறுவனம் தன் உரிமத்தில் புகுத்திய தடைக்கு 'டிவிட் விதி' என்று அளந்தவரின் பெயரே நிலைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவன் தான் கண்டதை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பதை வணிக நயம் என்று நம்மால் ஏற்க முடியவில்லை.

இந்த மௌனத்தின் நடுவே வந்ததுதான் செல்லப்பிராணிக் கடை. ஜே2இஇ நிரலை எப்படி அமைப்பது என்று கற்பிக்க சன் எழுதிய மாதிரிச் செயலி அது; பெயர் பெட் ஸ்டோர். பாடப்புத்தகம் என்பதால் எல்லா அடுக்குகளும் அதில் விரிவாக, சற்றே தாராளமாக, இருந்தன. 2001இல் ஆரக்கிள் தன் வழங்கியின் வேகத்தைப் பறைசாற்ற இதையே அளவுகோலாக்கியது. உடனே மைக்ரோசாஃப்ட் அதே கடையை டாட்நெட்டில் எழுதி, சன்னின் 14,273 வரிகளுக்கு எங்களுக்கு 3,484 வரிகளே போதும், வேகமும் பன்மடங்கு என்றது. அந்த வேகத்தின் இரகசியம், வேலையின் பெரும்பகுதியைத் தரவுத்தளத்துக்குள்ளேயே முடித்துக்கொண்டதில் இருந்தது. பாடநூலையும் பந்தய வண்டியையும் ஒரே தடத்தில் ஓடவிட்ட விநோதம் இது. 2002 அக்டோபரில் மிடில்வேர் கம்பெனி என்ற நிறுவனம் மறுபடி அளந்து டாட்நெட்டே முந்தியதாக அறிவித்தபோது ஜாவா உலகம் கொந்தளித்தது. அந்த அறிக்கையில் ஜாவா வழங்கிகள் இரண்டுக்கும் பெயர் இல்லை. 'ஏ', 'பி' என்ற எழுத்துகள் மட்டுமே. 2003இல் நிரலைத் திருத்தி எழுதி ஓட்டியபோது இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. ஓடிய நிரலின் குணம் எவ்வளவு, வழங்கியின் குணம் எவ்வளவு என்பதைப் பிரித்தறிய யாருக்கும் வழி கிடைக்கவில்லை.

ஸ்பெக் என்ற பொது அமைப்பின் அளவைகளும் இருந்தன. அவை ஒழுங்கானவை. ஆனால் முடிவுகளைச் சமர்ப்பித்தவர்கள் பெரும்பாலும் வழங்கியையும் வன்பொருளையும் விற்பவர்களே.

இத்தனை அளவுகளிலும் அடுப்பு மூட்டும் நேரம் இடம்பெறவே இல்லை. வழங்கியைத் தேர்ந்தவர் மேலாளர்; அதனோடு வாழ்ந்தவர் நிரலாளர். தரவுத்தளத்தின் ஒரு அட்டவணையைத் தொட, அக்கால இ.ஜே.பி. விதிப்படி, இரண்டு இடைமுகம், ஒரு வகுப்பு, போதாக்குறைக்கு நீண்ட எக்ஸ்.எம்.எல். கோப்பு. ஒரு வரி திருத்திவிட்டு, கனத்த வழங்கி மறுபடி எழும்வரை தேநீர் குடித்த தலைமுறை அது. கோப்பை ஓர் அடைவில் நகலெடுத்துப் போட்டாலே ஏற்றுக்கொள்ளும் ஜேபாஸ் அவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1999இல் மார்க் ஃப்ளூரி தொடங்கிய இந்தத் திறந்தமூல வழங்கியை 2006இல் ரெட் ஹேட் வாங்கியது.

டாம்கேட் இன்னும் எளியது. சன்னில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதி, 1999இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடையானது. முழு ஜே2இஇ அல்ல; அன்று சர்வ்லெட், ஜே.எஸ்.பி. இரண்டை மட்டும் ஓட்டியது. பெரிய வழங்கிகளின் விற்பனையாளர்கள் அதைப் பந்தயத்திலேயே சேர்ப்பதில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பிராணி என்றுதான் அவர் அதற்குக் கடுவன் பூனையின் பெயரை வைத்தார். ஓ'ரெய்லி பதிப்பகத்தின் அட்டையில் அது இடம்பெறும் என்ற ஆசையும் இருந்ததாம். 2003இல் நூல் வந்தபோது அட்டையில் இருந்தது பனிச்சிறுத்தை!

2004இல் ஸ்பிரிங் 1.0 வந்ததும், இ.ஜே.பி. இல்லாமலே, வெறும் டாம்கேட்டில் பெரிய செயலிகளை எழுதுவது பரவலாயிற்று. 2008இல் பி.இ.ஏ.வை ஆரக்கிள் வாங்கியது. 2014இல் வந்த ஸ்பிரிங் பூட் உறவையே தலைகீழாக்கியது: முன்பு செயலி வழங்கிக்குள் குடியிருந்தது, இப்போது வழங்கி செயலிக்குள் அடங்கி வருகிறது. அதில் டாம்கேட்டை எடுத்துவிட்டு ஜெட்டியை வைக்க, கட்டமைப்புக் கோப்பில் சில வரிகளை மாற்றினால் போதும். இரண்டையும் ஓட்டி, எது எத்தனை இலை போட்டது, எந்த அடுப்பு முந்தி மூண்டது என்று பெயரோடு எழுதலாம். இரண்டின் உரிமமும் அதைத் தடுப்பதில்லை.