எஞ்சின் கிடைக்காத போர் விமானம்

விரைவு வண்டியை இழுக்க வலுப் போதாத எஞ்சினை உடனே உடைத்து இரும்பாக்கும் வழக்கம் ரயில்வேயில் இல்லை. சரக்கு வண்டிக்கோ யார்டு வேலைக்கோ அதனை அனுப்புவர். இவ்வழக்கை அன்றாடம் காணும் நமக்கு, ஒரு விமானத்தின் வரலாறும் அதையே நினைவூட்டுகின்றது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் போக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் குர்ட் டாங்க் என்னும் நிபுணர். அவர் 1956இல் பெங்களூர் வந்து, ஒலியினும் இருமடங்கு விரைந்து செல்லத்தக்க போர் விமானமொன்றை உருவாக்க முற்பட்டார். காற்றுத் தேவரின் பெயரால் அது ‘மருத்’ எனப்பட்டது. 1961 ஜூன் 17ஆம் நாள் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் அதனை முதன்முதல் வானில் செலுத்தினார்.

உடல் சிறப்பாய் அமைந்தது; உயிரோ மெலிந்திருந்தது. கருதியிருந்த வலிய ஆர்ஃபியூஸ் எஞ்சின் பிரிட்டனில் கைவிடப்பட்டது. அதனை வளர்க்கும் செலவை ஏற்க நம் அரசாங்கமும் முன்வரவில்லை. வலுக் குறைந்த ஆர்ஃபியூஸ் எஞ்சின்கள் இரண்டே பொருத்தப்பட்டன. எதிர்பார்த்த வேகம் இறுதிவரை கிட்டவில்லை. வலுவைக் கூட்டும் முயற்சியில், 1970 ஜனவரி 10ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார்.

ஆயினும் மருத் வீணாகவில்லை. வானில் பகைவனைத் துரத்துவதை விடுத்து, தாழப் பறந்து தரையைத் தாக்கும் பணி அதற்கு அளிக்கப்பட்டது. 1971 டிசம்பர்ப் போரில், ராஜஸ்தான் பாலைவன முனையில் அது திறம்படப் பணியாற்றியது. ஓர் எஞ்சின் பழுதுற்றும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பியவை உண்டு. இருவர் அமரும் பயிற்சி விமானமாகவும் அது வடிவம் பெற்றது. எகிப்தியர் தாம் செய்த எஞ்சினைப் பறந்து சோதிக்க ஒரு மருத்தைக் கொண்டு சென்றனர். மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1990க்குள் அவை ஓய்வு பெற்றன. சென்னை பெரியார் அறிவியல் மையத்தில் ஒன்று காட்சிக்கு நிற்கின்றது. விடுமுறையில் ஊர் செல்வோர் தம் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டலாம்.

மருத் முழு வெற்றி பெற்றதென்று கூறோம். உடலை அமைத்துவிட்டு எஞ்சினுக்குப் பிறர் கையை எதிர்நோக்கியதே பிழை. அப்பிழையை விமானத்தின் மேல் ஏற்றுதல் முறையன்று.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, பிழைப்பு நாடித் திருவனந்தபுரம் வந்த நம் போன்றோர்க்கு இது நன்கு விளங்கும். நம் காலனியில் பரீட்சையில் தவறிய பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவனுக்கு வேண்டிய எஞ்சினை நாம் கொடுத்தோமா என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போமாக.