புனிதர் பரிந்துரையும் யோசேப் வாஸ் அடிகளும்

ஆலையடிவேம்பிலிருந்து தெற்கே சென்றால் தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயில். வடக்கே சென்றால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி. அதற்கும் அப்பால் கல்முனை, மட்டக்களப்புக் கத்தோலிக்க ஆலயங்கள். இவை யாவற்றிலும் நேர்த்திக்கடன் என்னும் சொல் வழங்குகின்றது. சொல் ஒன்றாயிருத்தலின் பொருளும் ஒன்றே என்று கொள்வார் நம்மிடையே பலர். அங்ஙனம் கொள்ளுதல் பொருந்துமா என்பதனைக் கத்தோலிக்கரின் கொள்கையொன்றைக் கொண்டு ஆராய்வோம்.

கத்தோலிக்கர் ஓதும் பிரார்த்தனை மாலையை ஊன்றிக் கேட்பார்க்கு ஒருண்மை புலப்படும். இறைவன் பெயர் சொல்லப்படுங்கால் மக்கள் இரக்கத்தை வேண்டுகின்றனர். புனிதர் பெயர் சொல்லப்படுங்காலோ தமக்காக மன்றாடும்படி அவரைக் கேட்கின்றனர். கொடுப்பவன் ஒருவன், கேட்கத் துணைநிற்போர் பலர். கொள்கை முழுவதும் இவ்விரு மறுமொழிகளின் வேறுபாட்டில் அடங்கியுள்ளது. இறைவனுக்குரிய ஆராதனை வேறு, புனிதர்க்குரிய வணக்கம் வேறு என்று 787ஆம் ஆண்டு இரண்டாம் நீசேயாச் சங்கம் வகுத்ததும் இவ்வேறுபாட்டையே.

இவ்வழக்கம் மிகப் பழையது. உரோமைக்கு வெளியே, ஆப்பியா நெடுஞ்சாலையின் நிலவறைச் சுவரொன்றில் 3ஆம் நூற்றாண்டு யாத்திரிகர் கீறிய எழுத்துக்கள் இன்றும் உள்ளன. தம் பெயரையும் தம் உற்றார் பெயரையும் குறித்து, தமக்காக வேண்டும்படி பேதுருவையும் பவுலையும் அவர்கள் கேட்டுள்ளனர். 406ஆம் ஆண்டளவில் விஜிலாந்தியுஸ் என்பார் இதனைக் கண்டித்து எழுதியபோது, ஜெரோம் கடுமையாக மறுத்தார். உடலோடு வாழ்ந்து தமக்கே கவலையுற்றிருந்த காலத்தில் பிறர்க்காக வேண்டிய அப்போஸ்தலர், வெற்றிமுடி பெற்றபின் வேண்டாதிருப்பரோ என்பது அவர் வாதம். வாதத்தினும் வசைமொழி அந்நூலில் மிகுதி என்பதையும் மறைத்தற்கில்லை.

1563ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு திசெம்பரில் திரெந்துச் சங்கம் புனிதரை நோக்கி வேண்டுதல் நன்றும் பயனுடையதும் ஆகும் என்று விதித்தது. அதனோடு, மூடநம்பிக்கையும் பொருளாசையும் அதிற் புகாவாறு களைக என்றும் ஆயர்க்குக் கட்டளையிட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியில் வெளிவந்த ஹைடெல்பெர்க் வினாவிடை, புனிதரை நோக்கி வேண்டுதலை விலக்கத்தக்க குற்றமாக எண்ணியது. கடவுளுக்கும் மனிதர்க்கும் இடையே கிறிஸ்து ஒருவரே இடைநிலையாளர் என்னும் பவுலின் கூற்றே மறுப்போர்க்கு ஆதாரம். கத்தோலிக்கரோ அக்கூற்றை ஏற்று, புனிதரின் வேண்டுதலும் கிறிஸ்துவின் வாயிலாகவே செல்கின்றது என்பர்.

ஐரோப்பாவிற் பிறந்த இவ்விரண்டு 1563உம் ஈழத்தில் வந்து மோதின. போர்த்துக்கேயர் பரப்பியது முன்னையது; 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கொண்டுவந்தது பின்னையது. குருமார் துரத்தப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைக் காட்டுக்குள் எடுத்துச் சென்ற குடும்பங்களின் செயலே மடுத் திருத்தலத்தின் தொடக்கம். பரிந்துரையை நம்பியவர்களுக்கு அந்நம்பிக்கை ஏட்டுச் சர்ச்சையன்று. குடியிருந்த நிலத்தை விட்டு ஓடச் செய்த காரணம்.

அம்மக்களைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர் யோசேப் வாஸ் அடிகள். 1651இல் பிறந்த அவர், குரு என்று அறியப்படாதிருக்க வறியவர் கோலத்தில் நடந்தார். பின்னர்க் கண்டி சென்று, ஒற்றர் என்னும் ஐயத்தால் சிறையிடப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரியன் காலத்து வறட்சியில் அவர் சிலுவை நாட்டி வேண்ட மழை பெய்தது என்பது மரபு. இதனை வரலாற்றாசிரியன் நிறுவுதலும் அரிது, மறுத்தலும் அரிது. அதனினும் எம்மைக் கவர்வது 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளரை அவர் தொட்டுப் பேணிய செய்தி. மழைக்கதையை மறந்தாலும் இதனை மறத்தற்கில்லை.

1711 ஜனவரி 16இல் அவர் மறைந்தார். 1995இல் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது, 1938இல் கோவாவில் ஒரு தாயின் இடர்மிகுந்த பேறுகாலத்தில் கிடைத்த உதவி அவருடைய பரிந்துரையின் சான்றாகக் கொள்ளப்பட்டது. புனிதர் பட்டத்துக்கு மற்றுமொரு அற்புதம் வேண்டும் என்பது வழக்கம். திருத்தந்தை பிரான்சிஸ் அவ்விதியைத் தளர்த்தி, 2015 ஜனவரி 14இல் காலி முகத்திடலிற் பட்டம் அளித்தார். சான்று குறைந்ததென்று குறை கூறுவார் உளர். ஆயின் திருத்தந்தையரின் முறைப்படியான பட்டமளிப்பு 993ஆம் ஆண்டளவிலேயே காணப்படுகின்றது. அதற்கு முன்னெல்லாம் மக்கள் போற்றுதலே ஒருவரைப் புனிதராக்கியது. ஈழத்து மக்களின் முந்நூறு ஆண்டு நினைவைப் பழைய முறைப்படியான சான்று எனலாம்.

நம் சமயத்தில் இதற்கு நிகர் யாது? நாயன்மாரை நாம் வணங்குகின்றோமாயினும், நமக்காக மன்றாடுவோர் என்று பெரும்பாலும் கருதுவதில்லை. சுந்தரர் வரலாற்றிலோ நிலை தலைகீழ்: அடியார்க்காகப் பரவையாரிடம் தூது நடந்தவர் இறைவரே! வைணவர் கூறும் புருஷகாரமே இக்கொள்கைக்கு மிக அணித்தானது. உயிரின் குற்றம் பாராது ஏற்கும்படி திருமகள் திருமாலிடம் பரிந்துரைக்கின்றாள். எனினும் திருமகள் தெய்வம். வாஸ் அடிகள் நம்மைப்போற் பிறந்திறந்த மனிதர். இவ்வேறுபாட்டைக் கருதின், வலிமாரின் பொருட்டால் இறைவனிடம் கேட்கும் முஸ்லிம்களின் வசீலா என்னும் வழக்கே கத்தோலிக்கக் கொள்கைக்கு அண்டையது. அதனை மறுக்கும் முஸ்லிம்களும் உளர். அவர்கள் எழுப்பும் வினா ஹைடெல்பெர்க் வினாவிடையின் வினாவே.

வாஸ் அடிகளின் உடல் கண்டியில் அடக்கம் செய்யப்பட்டது; அக்கல்லறை இருந்த இடம் இன்று அறியப்படவில்லை. கல்முனைக்குடிக் கடற்கரையிலும் சாகுல் ஹமீது ஆண்டகையின் உடல் இல்லை. அது நாகூரில் உள்ளது. ஆண்டுதோறும் அங்கே கொடி ஏறுகின்றது.