கோப்புக்குள் கிடந்த சாலை

1959 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை. மக்களவையில் வெளியுறவு அமைச்சர் இரண்டு செய்திகளைச் சொன்னார். வடகிழக்கு எல்லையில் லோங்ஜு என்ற இடத்தருகே இந்தியக் காவல் நிலை ஒன்றின் மீது மூன்று நாள் முன்பு சீனப் படையினர் சுட்டார்கள் என்பது முதல் செய்தி. நாட்டின் மறு கோடியில், லடாக்கின் அக்சாய் சின் பீடபூமி வழியாகச் சீனா ஒரு சாலை போட்டிருக்கிறதா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அமைச்சர் ஆம் என்றார். இது இரண்டாவது.

அமைச்சர் வேறு யாருமல்ல, பிரதமர் ஜவாஹர்லால் நேருதான். 1946 செப்டம்பரில் இடைக்கால அரசு அமைந்தபோது கையில் எடுத்த வெளியுறவுப் பொறுப்பை 1964 மே மாதம் கண்மூடும் வரை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. இந்திய நாடாளுமன்றத்தில் வெளியுறவு பற்றி இத்தனை ஆண்டு, இத்தனை கேள்விகளுக்குப் பதில் சொன்ன அமைச்சர் இன்னொருவர் கிடையாது. அவர் வாயிலிருந்து அன்று வந்த அந்த ஒற்றை 'ஆம்' வெளியுறவு அமைச்சகம் இருந்த சவுத் பிளாக்கிலிருந்து அவைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிடித்தது. இந்த வாரம் அந்த இரண்டு ஆண்டின் கதையைப் பார்ப்போம்.

அதற்கு முன் கேள்வி நேரம் என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் ஆட்சியாளரைச் சபையில் கேள்வி கேட்கும் உரிமையை 1892 ஆம் ஆண்டுச் சட்டம்தான் தந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்துக் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் அவதி பற்றியது அந்தக் கேள்வி. உப்பு, புளி, கோதுமை மாவில் தொடங்கிய உரிமை மெல்ல மெல்ல விரிந்தது. 1909க்குப் பிறகு, சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்கும் துணைக் கேள்வி வந்தது. ஆனால் வெளிநாட்டு உறவுகளும் சமஸ்தானங்களும் கடைசி வரை வேலிக்கு அப்பால்தான் இருந்தன. அவை வைஸ்ராயின் சொந்தத் துறை. அங்கே மக்கள் பிரதிநிதிக்கு நுழைய அனுமதி இல்லை.

மற்றத் துறைகளில் நம்மவர்கள் புகுந்து விளையாடினார்கள். மத்தியச் சட்டசபையில் தீரர் சத்தியமூர்த்தி துணைக் கேள்வி கேட்க எழுந்தால் அதிகாரிகளின் முகம் மாறும் என்பார்கள். அதே காலத்தில் அங்கே இருந்த இன்னொருவர் திருப்பதிப் பக்கத்துத் திருச்சானூரில் பிறந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்த அனந்தசயனம் ஐயங்கார். அவருடைய தாக்குதல்களைப் பார்த்து ஐரோப்பியர் பத்திரிகை ஒன்று அவரைச் சபையின் 'எம்டன்' என்று எழுதியது. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் அது. நம் ஊரில் இன்றைக்கும் பொல்லாத ஆளைப் பார்த்து 'சரியான எம்டன்' என்கிறோமே, அதே சொல். அந்த எம்டன்தான் 1959இல் மக்களவைச் சபாநாயகர். கேள்வி கேட்டுக் கேட்டே பெயர் வாங்கியவர், எத்தனை துணைக் கேள்வி அனுமதிக்கலாம் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் இருந்தார். வைஸ்ராயின் வேலிக்குள் இருந்த விஷயங்கள் இப்போது சபை நடுவே கிடந்தன.

நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறி இல்லாததற்கு எழுத்தில் பதில் போதும். கேள்வி பல நாள் முன்பே அமைச்சகத்துக்கு வந்துவிடும். சம்பந்தப்பட்ட பிரிவில் பதில் வரைவு தயாராகும். அது சார்புச் செயலாளர், இணைச் செயலாளர் என்று படியேறி அமைச்சர் மேசைக்குப் போகும். அச்சில் வரும் பதில் மூன்று வரிதான் இருக்கும். கோப்பில் அதன் பின்னால் 'துணைக் கேள்விகளுக்கான குறிப்பு' என்ற தாள்கள் கோக்கப்பட்டிருக்கும். உறுப்பினர் எந்தப் பக்கம் திருப்பினால் எதைச் சொல்வது, எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். சொல்ல முடியாததற்கு, பொதுநலன் கருதி வெளியிட இயலாது என்ற வாசகம் எப்போதும் தயார். ராஜதந்திரத்தின் உயிர் அந்தப் பின்தாள்களில்தான் இருக்கிறது. அவையில் துணைக் கேள்வியைக் கூர்மையாக வீசத் தெரிந்த உறுப்பினர், அந்தத் தாள்களில் ஒரு வரியையாவது வெளியே இழுத்துவிடுவார்.

நேரு அந்தத் தாள்களை அதிகம் நம்பி நின்றவர் அல்ல. துணை அமைச்சர் லட்சுமி மேனன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, தானே விளக்கத் தொடங்கிவிடுவார். சில நேரம் கேட்டதற்கு மேலேயும் சொல்லிவிடுவார். கேள்வி நேரத்துக்கு வந்து உட்காருவதை அவர் தன் கடமையாக நினைத்தார். புதிய குடியரசுக்கு இந்தப் பழக்கம் ஊற வேண்டும் என்ற அக்கறை அவருக்கு மெய்யாகவே இருந்தது. அதனால்தான் அக்சாய் சின் விஷயத்தில் அவர் காத்த மௌனம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்த அமைச்சகம் அன்று சுமந்த பாரமும் சாதாரணமானது இல்லை. வெளிநாட்டுத் தூதரகம், பாஸ்போர்ட், ஹஜ் பயணம், இலங்கைத் தோட்டத் தொழிலாளர் குடியுரிமை ஆகியவற்றோடு அது நிற்கவில்லை. இன்றைய அருணாசலப் பிரதேசம் அன்று நேஃபா என்ற எல்லைப்புற நிர்வாகம். 1965 வரை அது உள்துறையின் கீழ் இல்லை, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இருந்தது. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று வந்து சேர்ந்த புதுச்சேரி, காரைக்கால் விவகாரங்களையும் அதே அமைச்சகம்தான் பார்த்தது. பாரிஸும் பீகிங்கும் பற்றிப் பேசும் வாய் காரைக்காலைப் பற்றியும், மலைக்குள் விமானத்திலிருந்து அரிசி மூட்டை போடுவதைப் பற்றியும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1946 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து உருவான இந்திய வெளியுறவுப் பணி அப்போது பதின்மூன்று வயதுப் பிள்ளை. எல்லை நிர்வாகமும் எல்லைப் பேச்சுவார்த்தையும் ஒரே கட்டடத்தில், ஒரே சிலர் மேசையில் இருந்தன. பேச்சுவார்த்தை நடத்தும் கை ரகசியத்தை விரும்பும். நிர்வாகம் செய்யும் கை கணக்குக் காட்டியாக வேண்டும். ஒரே அமைச்சரிடம் இரண்டும் இருந்தபோது ரகசியம் விரும்பும் கைதான் ஓங்கியது.

சாலைக்கு வருவோம். 1954 ஏப்ரல் 29 அன்று பீகிங்கில் திபெத் வாணிப ஒப்பந்தம் கையெழுத்தானது. பஞ்சசீலம் பிறந்தது அதன் முகவுரையில்தான். மூன்று மாதம்கூட முடியவில்லை, ஜூலை 17 அன்று பாராஹோட்டி என்ற மலை மேய்ச்சல் நிலத்தில் இந்தியப் படையினர் இருப்பதாகச் சீனா முறையீட்டுக் குறிப்பு கொடுத்துவிட்டது. 'இந்தி சீனி பாய் பாய்' முழக்கம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தபோதே, கோப்புகளில் இரண்டு அரசுகளும் எல்லைக் குறிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தன. நாட்டுக்கு முழக்கம் மட்டுமே கேட்டது.

1957 செப்டம்பரில் சிங்கியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலை முடியப்போகிறது என்று சீனப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பீகிங்கில் இருந்த நம் தூதரகம் அதைத் தில்லிக்குத் தெரிவித்தது. கிடைத்த வரைபடம் மிகச் சிறியது. சாலை நம் எல்லைக்குள் வருகிறதா என்று அதை வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. அக்சாய் சின் ஏறத்தாழ 17,000 அடி உயரப் பாழ்வெளி. பனி விலகும் வரை ஆள் அனுப்பவும் முடியாது. அடுத்த கோடையில், 1958இல், இரண்டு குழுக்கள் கிளம்பின. போலீஸ் அதிகாரி கரம் சிங் நடத்திய குழு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ராணுவத்தார் போன இன்னொரு குழுவிடமிருந்து தகவலே இல்லை.

அக்டோபர் 18 அன்று தில்லியில் சீனத் தூதரிடம் ஒரு குறிப்பு கொடுக்கப்பட்டது. எங்கள் நிலத்தில் சாலை போட்டிருக்கிறீர்கள், எங்கள் ஆட்களையும் காணவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்ற தொனியில் அமைந்த குறிப்பு அது. நவம்பர் 1 அன்று பதில் வந்தது. உங்கள் ஆட்கள் எங்கள் எல்லைக்குள் சட்டவிரோதமாக நுழைந்தார்கள், பிடித்து வைத்திருந்து காரகோரம் கணவாய் வழியாக வெளியேற்றிவிட்டோம் என்றது சீனா. அந்த நிலம் தன்னுடையது என்று பீகிங் எழுத்தில் சொன்னது அந்தப் பதிலில்தான். டிசம்பர் 14 அன்று நேரு சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு வரைபடங்கள் பற்றி நேரடியாகக் கடிதம் எழுதினார். இரு நாட்டு எல்லை முறைப்படி வரையறுக்கப்பட்டதே இல்லை என்று 1959 ஜனவரி 23 தேதியிட்ட பதிலில் சூ என்லாய் எழுதினார்.

இத்தனையும் நடக்கும்போது நாடாளுமன்றம் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்தது, பட்ஜெட் தொடர் நடந்தது, வெளியுறவு மானியக் கோரிக்கை மீது விவாதமும் நடந்தது. தினமும் பதினோரு மணிக்கு மணி அடித்தது. சாலை கோப்புக்குள்ளேயே கிடந்தது.

ஏன்? கடிதப் போக்குவரத்திலேயே முன்னேற்றம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தோம், தக்க நேரத்தில் அவைக்குக் கொண்டுவரலாம் என்றிருந்தோம் என்று நேரு பின்னால் விளக்கினார். இதை நான் பொய்யென்று தள்ளமாட்டேன். இரைச்சல் கிளம்பினால் பேச்சு கெடும் என்ற பயம் ராஜதந்திரிக்கு இயல்பு. பீகிங்கில் அப்போது நம் தூதராக இருந்த ஜி. பார்த்தசாரதி, சென்னைக்காக ரஞ்சி ஆடி, 'தி இந்து'வில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர். அவருக்கும் பேச்சு முறியாமல் காப்பதே வேலை. ஆனால் 'தக்க நேரம்' யார் கையில் இருக்கிறது? 1959 மார்ச்சில் திபெத்தின் லாசாவில் கிளர்ச்சி. மார்ச் 31 அன்று தலாய் லாமா எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார். ஆகஸ்ட் 25 அன்று லோங்ஜு. ஆளில்லாப் பாழ்வெளியில் ஒரு சாலை என்று 1958இல் அமைதியாகச் சொல்லியிருக்கக்கூடிய செய்தி, நம் வீரர் ரத்தம் சிந்திய வாரத்தில் வெளியே வந்தது. துரோகம் என்ற சொல்லோடு சேர்த்துத்தான் மக்கள் அதைக் கேட்டார்கள். சாலையைக் காட்டிலும் மறைப்பு அதிகம் சுட்டது.

ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை மாநிலங்களவையில் நேரு விரிவாகப் பேசினார். சாலைச் செய்தி எப்படித் தெரிந்தது, குழுக்கள் போனது, ஒன்று பிடிபட்டது எல்லாவற்றையும் சொன்னார். மூடிவைத்த கதவை அவரே திறந்துவிட்ட நாள் அது. செப்டம்பர் 7 அன்று முதல் வெள்ளை அறிக்கை வந்தது. 1954 முதல் இரு அரசுகளும் எழுதிக்கொண்ட குறிப்புகள், கடிதங்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் அச்சில். பாராஹோட்டி குறிப்பும் அதில் இருந்தது, சூ என்லாயின் ஜனவரிக் கடிதமும் இருந்தது. நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தையின் கடிதங்களை ஓர் அரசு இப்படிக் கட்டாகத் தூக்கி மக்கள் முன் வைப்பது அரிது. நேரு தொடர்ந்து வெள்ளை அறிக்கைகளை வெளியிட்டார். அவையின் மீது அவருக்கு இருந்த மதிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதன் விளைவையும் சொல்ல வேண்டும். அன்று முதல் பீகிங்குக்குப் போன ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு வாசகர்கள். ஒருவர் சூ என்லாய். இன்னொருவர் மக்களவையில் கையை உயர்த்திக் காத்திருக்கும் உறுப்பினர். ஒரு சொல்லில் இளகினால் மறுநாள் கேள்வி வரும் என்று தெரிந்து எழுதப்பட்ட கடிதங்கள் அவை. அக்டோபர் 21 அன்று கொங்கா கணவாய் அருகே சீனப் படை சுட்டதில் இந்தியப் போலீஸார் 10 பேர் இறந்தார்கள். அந்தக் குழுவை நடத்தியவரும் அதே கரம் சிங்தான். சிறைபிடிக்கப்பட்டு நவம்பரில் திரும்பினார். ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று சென்னைக் காமராஜர் சாலையில் டிஜிபி அலுவலக நினைவுத் தூணில் மலர்வளையம் வைக்கிறார்களே, காவலர் வீரவணக்க நாள், அது அந்தப் பத்துப் பேரின் நினைவில் தொடங்கியது.

1960 மார்ச்சில் பெருபாரி வழக்கில், இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஏப்ரல் 19 அன்று சூ என்லாய் தில்லிக்கு வந்திறங்கினார். விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் நேருவுக்கு எழுதிவிட்டிருந்தார்கள். ஒரு வாரப் பேச்சு பலனில்லாமல் முடிந்தது. கேள்வி கேட்டவர்கள்தான் பேச்சைக் கெடுத்தார்கள் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்து ஆண்டு கேள்விக்கு இடமே கொடுக்காமல், பிறகு ஐந்து ஆண்டுக் கோப்பை ஒரே நாளில் கொட்டினால் எந்தச் சபைதான் நிதானமாக இருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்திருந்தால், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று அவையோடு சேர்ந்தே யோசிக்க நேருவுக்கு இடம் இருந்திருக்கும்.

சீனா பற்றி நேருவை அந்த ஆண்டுகளில் விடாமல் கேள்வி கேட்டவர்களில் ஓர் இளைஞர் இருந்தார். 1957இல் பல்ராம்பூரிலிருந்து முதல் முறையாக மக்களவைக்கு வந்தவர். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் பேச்சை நேருவே கவனித்துக் கேட்டார். இருபது ஆண்டு கழித்து, 1977 மார்ச்சில், அவர் சவுத் பிளாக்கில் நேரு இருந்த அதே துறையின் அமைச்சராக நுழைந்தார். வழக்கமாகத் தாழ்வாரத்தில் பார்க்கும் நேரு படம் சுவரில் இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டார், அதிகாரிகள் பதில் பேசவில்லை, படம் திரும்பச் சுவருக்கு வந்தது. பல ஆண்டு கழித்து இதை அவரே மக்களவையில் சொன்னார். 1979 பிப்ரவரியில் அவர் பீகிங் போனார். அவர் அங்கே இருக்கும்போதே சீனா வியட்நாம் மீது படையெடுத்தது. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு தில்லி திரும்பிய அடல் பிகாரி வாஜ்பாய்க்கு, கேள்விகள் இப்போது எதிர்ப்பக்கத்து வரிசைகளிலிருந்து வந்தன. அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.